நம்பிய நிரலுக்குள் நுழையும் திருட்டு

பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் உள்ள சிறு கடைகள் பலவற்றில் கணக்கு, வங்கிப் பரிமாற்றம், ஊழியர் சேமநிதி எல்லாம் ஒரே கணினியில்தான் நடக்கின்றன. அதில் காசு கொடுக்காமல் ஏற்றிய ‘கிராக்’ மென்பொருளோடு வஞ்சக நிரலும் வந்திருந்தால், திருடன் கடவுச்சொல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை. முதலாளி வங்கிக் கணக்கைத் திறக்கும்வரை காத்திருந்தால் போதும்.

விண்டோஸில் ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, இன்னொரு நிரல் அதன் நினைவகத்தில் இடம் பிடித்துத் தன் டிஎல்எல் கோப்பை (பிற நிரல்கள் ஏற்றிப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பை) அங்கே ஓடவிட முடியும். இதற்கு ‘இன்ஜெக்‌ஷன்’ என்று பெயர். சி ஷார்ப் மொழியில் எழுதிய, மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தளத்துக்கான டிஎல்எல் தனியாக ஓடாது. அதனால் முதலில் ஒரு சிறிய ஏற்றி நிரல் உள்ளே புகுந்து டாட்நெட் இயக்கச்சூழலைத் தொடங்கி வைக்கும். முக்கிய நிரல் அதன்பின் வரும். புகுந்த நிரல் அதன்பிறகு செய்வதெல்லாம், கடைச் சீருடை அணிந்து கல்லாவில் நிற்கும் அந்நியனைப்போல, புகுந்த இடத்தின் பெயரிலேயே நடக்கும். டாஸ்க் மேனேஜரில் நமக்குப் பழகிய நிரலின் பெயரே தெரியும்.

இந்த உத்தியே குற்றமல்ல. பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் என்விடிஏவும், நிரலாளர்கள் பயன்படுத்தும் ஸ்னூப்பும் இதையே கையாள்கின்றன. ஆனால் நல்ல நோக்கத்தோடு நுழைந்தாலும் தொல்லை உண்டு. பிற மென்பொருள்கள் உள்ளே நுழைந்த குரோம் உலாவிகள் முடங்கும் வாய்ப்பு 15 விழுக்காடு அதிகம் என்று கூகுள் 2017இல் அறிவித்தது; 2018 முதல் அத்தகைய நுழைவைப் படிப்படியாகத் தடுக்கவும் தொடங்கியது.

கெட்ட நோக்கத்துக்குச் சான்று, 2007இல் தெரியவந்த ‘ஜியூஸ்’. உலாவிக்குள் புகுந்து வங்கிப் பக்கத்தையே மாற்றிக் காட்டிய நிரல் அது. அதைப் பயன்படுத்திய ஒரு கும்பல் 7 கோடி அமெரிக்க டாலர் திருடியதாக எஃப்பிஐ 2010இல் தெரிவித்தது. முகவரிப் பட்டையின் பூட்டுக் குறி இங்கே உதவாது. அது வழியில் செல்லும் தகவலைத்தான் காக்கும். உலாவிக்குள்ளேயே இருப்பவனைத் தடுக்காது.

ஆகவே பணம் அனுப்பும்போது கணினித் திரையை மட்டும் நம்பக் கூடாது. கைப்பேசியில் வரும் ஒப்புதல் கோரிக்கையில் தொகையும் பெறுபவர் பெயரும் சரிதானா என்று வாசித்த பிறகே ஒப்புதல் தர வேண்டும். கிராக் ஏற்றுவதற்கு ‘ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள்’ என்று யார் சொன்னாலும் மறுக்க வேண்டும். 2019இல் வந்த டாட்நெட் 4.8 முதல், வட்டில் பதியாமல் நினைவகத்தில் நேரடியாக ஏற்றப்படும் டாட்நெட் நிரலையும் ஆன்டிவைரஸால் சோதிக்க முடிகிறது. அணைத்துவிட்டால் அந்தக் காவலும் போய்விடும்.

சட்டம் பாதிக்கப்பட்டவர் பக்கம் இருக்கிறது. மலேசியாவின் 1997ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டப்படி, பிறர் கணினியில் அனுமதியின்றி நுழைந்தால் 50,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். உள்ளடக்கத்தை மாற்றினால் 1,00,000 ரிங்கிட் வரை, 7 ஆண்டு வரை. மோசடி நோக்கத்தோடு நுழைந்தால் 1,50,000 ரிங்கிட், 10 ஆண்டு வரை போகும். பழகுவதற்காகச் செய்ததாகச் சொல்லித் தப்ப முடியாது. இந்த உத்தியைக் கற்க விரும்பும் மாணவர்கள் சொந்தக் கணினியோடு நிறுத்திக்கொள்வதே பாதுகாப்பு.

பணம் போய்விட்டால் உடனே கணினியின் இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். வங்கியின் மோசடிப் புகார் எண்ணையோ, 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண்ணையோ அழையுங்கள். கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். போலீசில் புகார் செய்யுங்கள். கணினியை அவசரப்பட்டு ‘ஃபார்மெட்’ செய்யாதீர்கள். தடயம் அதில்தான் இருக்கிறது. சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 சேவையிடமும் சம்பவத்தைத் தெரிவிக்கலாம்.

வங்கி கைவிரித்தால் அதோடு கதை முடிவதில்லை. அதன் இறுதி முடிவு கிடைத்த ஆறு மாதத்துக்குள், 2025 ஜனவரி 1 முதல் இயங்கும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவையிடம் கட்டணமின்றி முறையிடலாம். வங்கியின் பதிலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தேதியைக் குறித்து வையுங்கள்.