இரத்தத் தட்டணுக்களும் தோல் உயிரணு வளர்ச்சியும்

இரத்தத் தட்டணுக்கள் என்பவை எலும்பு மச்சையிலுள்ள மெகாகேரியோசைட் என்னும் பெரிய உயிரணுக்களிலிருந்து பிரிந்து வரும், உட்கரு இல்லாத சிறு துணுக்குகள் ஆகும். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் இவை ஏறத்தாழ 1.5 முதல் 4.5 இலட்சம் வரை இருக்கும். இரத்தத்தை உறையச் செய்வது இவற்றின் நன்கறியப்பட்ட பணி. காயம்பட்ட தோல் மீண்டும் வளர்வதற்கான தொடக்கத் தூண்டுதலையும் இவை தருகின்றன.

கண்டறிந்த வரலாறு

ஆய்வகத்தில் உயிரணுக்களை வளர்க்கச் சீரம் சேர்ப்பது வழக்கம். இரத்தம் உறைந்தபின் பிரியும் நீர்மமே சீரம். 1974-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ரசல் ராசும் அவர் குழுவினரும், தட்டணுக்களை முன்பே நீக்கிவிட்டுத் தயாரித்த சீரத்தில் தமனியின் தசை உயிரணுக்கள் சரிவரப் பெருகவில்லை என்பதைக் கண்டனர். தட்டணுக்களிலிருந்து வெளியான பொருள்களைச் சேர்த்ததும் அவை பெருகின. அதே ஆண்டில் கோலர், லிப்டன் ஆகியோர், இணைப்புத் திசுவை உருவாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் உயிரணுக்களிலும் தட்டணுக்களின் இத்தகைய விளைவைக் காட்டினர்.

செயல்படும் முறை

தட்டணுக்களின் ஆல்பா துகள்களுக்குள் வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் புரதங்கள் சேமிக்கப்பட்டுள்ளன. இரத்தக்குழாய் அறுந்து, அதன் சுவருக்கு அடியிலுள்ள கொலாஜனைத் தட்டணுக்கள் தொடும்போது இவை வெளியேறுகின்றன.

• தட்டணுசார் வளர்ச்சிக் காரணி: ஃபைப்ரோபிளாஸ்ட்களைக் காயத்துக்கு ஈர்த்துப் பெருகச் செய்கிறது. மேல்தோலின் கெரட்டினோசைட் உயிரணுக்களை இது நேரடியாகத் தூண்டுவதில்லை. ஃபைப்ரோபிளாஸ்ட்கள் சுரக்கும் வேறொரு காரணியே அவற்றைப் பெருக்குகிறது.
• மேல்தோல் வளர்ச்சிக் காரணி: கெரட்டினோசைட்களை நேரடியாகத் தூண்டுகிறது. இதைக் கண்டறிந்த ஸ்டான்லி கோகனுக்கு 1986-இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.
• டிஜிஎஃப்-பீட்டா: கொலாஜன் உருவாவதைக் கூட்டுகிறது, கெரட்டினோசைட்கள் பெருகுவதைக் கட்டுப்படுத்துகிறது.

மருத்துவப் பயன்பாடு

நீரிழிவு நோயாளிகளின் காலில் ஆறாத புண் ஏற்பட்டால் சில வேளைகளில் காலையே அகற்ற நேரிடுகிறது. இத்தகைய புண்ணுக்கு, ஈஸ்ட்டில் தயாரிக்கப்பட்ட தட்டணுசார் வளர்ச்சிக் காரணியைக் கொண்ட பெகாப்லெர்மின் களிம்பு 1997-இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. புண்ணைத் தூய்மை செய்தல், காலுக்குப் பாரம் கொடாதிருத்தல் ஆகியவற்றுக்கு இது துணையே தவிர மாற்று அன்று.

புற்றுநோயுடன் தொடர்பு

குரங்குகளில் புற்றுநோய் உண்டாக்கும் ஒரு வைரசின் மரபணு, தட்டணுசார் வளர்ச்சிக் காரணியின் மரபணுவை ஒத்தது என 1983-இல் தெரியவந்தது. காயத்தின்போது குறுகிய காலம் கிடைத்தால் தோலை வளர்க்கும் இதே தூண்டுதல், ஓயாமல் கிடைத்தால் கட்டியை வளர்க்கக்கூடும். இக்காரணிகள் இரத்தத்தில் தடையின்றிச் சுற்றாமல் தட்டணுக்களுக்குள் அடைபட்டிருப்பது உடலுக்கு ஒரு பாதுகாப்பாகும்.