பிளானில் பூங்கா, நேரில் புதர்: உங்கள் நகரின் பொது இடத்தை மீட்பது எப்படி?

கடலூரிலோ சிதம்பரத்திலோ கடந்த 20 ஆண்டுகளில் முளைத்த ஏதாவது ஒரு 'நகர்' பக்கம் போய்ப் பாருங்கள். மனை விற்கும்போது காட்டிய பிளானில் ஒரு மூலைக்குப் பச்சை வண்ணம் அடித்து 'பூங்கா' என்று எழுதியிருப்பார்கள். நேரில் போனால் சீமைக் கருவேலம், உடைந்த பாட்டில், ஐப்பசி வந்துவிட்டால் முழங்கால் தண்ணீர். பக்கத்து வீட்டில் கேட்டால், "அது ப்ரோமோட்டர் இடம் சார், நமக்கெதுக்கு வம்பு?" என்பார்கள்.

பெரும்பாலான நேரங்களில் அது ப்ரோமோட்டர் இடம் இல்லை என்பதுதான் விஷயமே.

அந்த 10 சதவீதம் யாருடையது?

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 சொல்வது இது: மனைப்பிரிவின் பரப்பு 10,000 சதுர மீட்டருக்கு (ஏறக்குறைய இரண்டரை ஏக்கர்) மேல் இருந்தால், சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைப் பொதுவுக்கு ஒதுக்க வேண்டும். ரியல் எஸ்டேட் வட்டாரத்தில் இதை 'ஓ.எஸ்.ஆர். இடம்' என்பார்கள். 5 ஏக்கர் லே-அவுட்டில் சாலைக்கு ஒன்றரை ஏக்கர் போனால், மீதி மூன்றரை ஏக்கரில் 35 சென்ட். இதைப் பதிவு செய்த தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சி அமைப்பிடம் இலவசமாக ஒப்படைத்தாக வேண்டும்.

3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் இடமாகவும் தரலாம், வழிகாட்டி மதிப்பில் பணமாகவும் கட்டலாம். 3,000-க்குக் கீழே, அதாவது சுமார் 74 சென்ட்டுக்குள், இந்த ஒதுக்கீடே கிடையாது. பெரிய நிலத்தைத் துண்டு துண்டாக்கி விற்பதில் யாருக்கு லாபம் என்று இப்போது புரியும்.

இதற்கு முன்பே 1959-ல் தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டிடங்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. நகர்ப்புற உள்ளாட்சிகள் தங்கள் எல்லைக்குள் இருக்கும் பூங்காக்களைப் பட்டியலிட்டு, வரைபடத்தோடு பராமரிக்க வேண்டும் என்கிறது அது. உங்கள் ஊர்ப் பட்டியல் எங்கே என்று கேட்க யாருக்கும் உரிமை உண்டு.

சிக்கல் எங்கே வருகிறது?

தானப் பத்திரம் பதிவாகிவிடும். பட்டா மட்டும் பழைய பெயரிலேயே தூங்கும். பத்து வருஷம் கழித்து நிலத்தின் விலை ஏறியதும், அந்தப் பட்டாவைக் காட்டி ஒருவர் அதே இடத்தை மனையாக விற்பார். வாங்கியவர் வேலி போட்ட பிறகுதான் தெருவுக்கே விஷயம் தெரியும். அப்புறம் வழக்கு, வாய்தா.

ஆகவே செடி வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியது காகித வேலை. பாதி வேலை போனிலேயே முடியும். பதிவுத்துறை இணையதளத்தில் அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் தானப் பத்திரம் பதிவானதா என்று தெரியும். தமிழக அரசின் இ-சேவை நிலப் பதிவுத் தளத்தில் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கலாம். நகர எல்லைக்குள் என்றால் நகர நில அளவைப் பதிவேடு. அங்கீகரித்த மனைப்பிரிவு வரைபடத்தின் நகல் கையில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

மனு யாருக்கு என்பதிலும் குழப்பம் வரும். கடலூர் 2021-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. ஆணையருக்கு எழுதினால் நகரமைப்புப் பிரிவுக்குப் போகும். சிதம்பரம் நகராட்சி. ஆனால் முகவரியில் 'சிதம்பரம்' என்று எழுதும் எல்லா வீடுகளும் நகராட்சிக்குள் இல்லை. பல்கலைக்கழகம் இருக்கும் அண்ணாமலைநகர் தனிப் பேரூராட்சி. சுற்றியுள்ள பல நகர்கள் ஊராட்சிகளில் வருகின்றன. அங்கே கிராம சபைதான் களம்.

உள்ளாட்சியே வேறு கட்டடம் கட்ட நினைத்தால்?

அதுவும் நடக்கும். பெங்களூர் ராஜ்மகால் விலாஸ் பகுதியில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை, மருத்துவமனை கட்ட ஒரு டிரஸ்ட்டுக்குக் கொடுத்தது நகர வளர்ச்சி ஆணையம். முதலமைச்சரின் உத்தரவின் பேரில் நடந்தது அது. குடியிருப்போர் வழக்குப் போட்டார்கள். 1991-ல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. மருத்துவமனை நல்ல காரியமாகவே இருந்தாலும் பூங்காவின் இடத்தில் அது வர முடியாது, அந்தப் பகுதியில் வசிப்பவர்களுக்கு இதைக் கேட்க உரிமை உண்டு என்பதுதான் சாரம். இன்றைக்கும் இத்தகைய வழக்குகளில் இந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டுகிறார்கள்.

பணம் எங்கிருந்து வரும்?

முதல் படி, பேச ஒரு மேடை. நகர்ப்புறங்களில் கிராம சபை மாதிரியே பகுதி சபைக் கூட்டங்கள் 2022 நவம்பர் 1 முதல் தமிழகத்தில் நடக்கின்றன. கூட்டம் குறைவாக வருவதால், பத்துப் பேர் ஒரே கோரிக்கையோடு போனாலே கவனம் கிடைக்கும்.

இரண்டாவது, 'நமக்கு நாமே' திட்டம். 1997-ல் தொடங்கி, நடுவில் பெயர் மாறி, 2021-ல் மீண்டும் வந்தது. மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு தரும். 9 லட்ச ரூபாய் வேலைக்கு மக்கள் பங்கு 3 லட்சம். 120 வீடுகள் என்றால் வீட்டுக்கு 2,500 ரூபாய். பாதி அல்லது அதற்கு மேல் போட்டால் வேலையை நீங்களே எடுத்துச் செய்யவும் வழி உண்டு. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியையும் விடக்கூடாது. நெய்வேலியும் கடலூர் சிப்காட்டும் இதே மாவட்டத்தில்தானே இருக்கின்றன.

தேவை எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு. மத்திய அரசின் 2014 நகரத் திட்டமிடல் வழிகாட்டி, ஒருவருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்கிறது. 2011 கணக்கெடுப்பில் கடலூரின் மக்கள்தொகை 1,73,636. குறைந்த அளவை வைத்தாலே சுமார் 430 ஏக்கர்! சுப்பராயலு பூங்காவையும் மஞ்சக்குப்பம் மைதானத்தையும் வைத்துக்கொண்டு அந்தக் கணக்கை நேர் செய்ய முடியாது.

இரண்டு ஊர், இரண்டு விதம்

சிதம்பரத்தின் பழைய பகுதியில் லே-அவுட்டும் இல்லை, ஓ.எஸ்.ஆரும் இல்லை. அங்கே இருப்பது குளங்கள்: ஞானப்பிரகாசர் குளம், ஓமக்குளம், நாகச்சேரி. கரையே பூங்கா ஆகலாம். ஆனால் நடைபாதை போடுகிறேன் என்று குளத்தின் உள்பக்கம் மண் கொட்டிச் சுருக்கினால் அதுவும் ஆக்கிரமிப்புதான். பெங்களூர் புட்டேனஹள்ளி ஏரிக்காக அக்கம்பக்கத்தினர் 2010-ல் டிரஸ்ட் தொடங்கி, அடுத்த ஆண்டே மாநகராட்சியோடு பராமரிப்பு ஒப்பந்தம் போட்டார்கள். குளம் உள்ள ஊருக்கு அது நல்ல முன்மாதிரி. இன்னொன்று: ஊருக்குப் பெயர் தந்த தில்லை மரத்தை ஆசையாகக் குழந்தைகள் பூங்காவில் நட்டுவிடாதீர்கள். அதன் பால் தோலையும் கண்ணையும் பதம் பார்த்துவிடும்.

கடலூரின் கவலை வேறு. 2011 டிசம்பர் 30 தானே புயலில் மரங்கள் சாய்ந்ததையும் 2015 வெள்ளத்தையும் பார்த்த ஊர். உப்புக் காற்றுக்குப் புன்னையும் பூவரசும் தாங்கும். பள்ளமான மனையை மண் போட்டு மேடாக்கி, முழுக்க பேவர் பிளாக் பதித்துவிட்டால் மழைத் தண்ணீர் பக்கத்து வீட்டு வாசலுக்குத்தான் போகும். கொஞ்சம் பள்ளமாகவே விட்டு, தண்ணீர் இறங்க இடம் கொடுப்பது புத்திசாலித்தனம்.

திறந்த பிறகு?

ரிப்பன் வெட்டிய ஆறாவது மாதம் ஊஞ்சல் சங்கிலி அறுந்து தொங்குகிற பூங்காக்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். சென்னை கோட்டூர்புரத்தில் அடையாறு கரையில் குப்பை மேடாகக் கிடந்த பொதுப்பணித் துறை நிலத்தில் 2006 முதல் 'நிழல்' அமைப்பும் குடியிருப்போரும் சேர்ந்து மரப்பூங்காவை வளர்த்தார்கள். அது பிழைத்ததற்குக் காரணம், தன்னார்வலர்கள் மரம் நட்டதோடு நிற்காமல் தொடர்ந்து வந்து பார்த்துக்கொண்டது.

ஆகவே உள்ளாட்சியோடு எழுதிக்கொள்ளும்போது தண்ணீருக்கும் மின் கட்டணத்துக்கும் யார் பொறுப்பு, குப்பையை யார் எடுப்பது என்பதைக் காகிதத்தில் கொண்டுவாருங்கள். சாவி யாரிடம் என்பதையும்தான். சங்கத்தின் கையில் சாவி போனதும், பக்கத்துக் குடிசைப் பிள்ளைகள் உள்ளே வரக்கூடாது என்று பூட்டுப் போடும் இடங்களும் உண்டு. அரசுப் பணத்தில், அரசு நிலத்தில் நிற்கும் பூங்காவுக்கு அப்படிப் பூட்டுப் போட எந்தச் சங்கத்துக்கும் அதிகாரம் இல்லை.