கோடி கோடியாகச் சம்பளம்! தாளம் தப்பலாமா?

பாதிப் பாட்டில் அலறிய பாடகி: காரணம் என்ன?

கலிபோர்னியா பாலைவனத்தில் ராத்திரி நேரம். பிரமாண்டமான மேடை. எதிரே ஆயிரக்கணக்கான வாலிபர்கள், இளம்பெண்கள். எல்லோரும் ஆட்டத்துக்குத் தயாராக நிற்கிறார்கள்.

திடீர் என்று பாட்டு தாறுமாறாக ஓடியது. நின்றது. மறுபடியும் ஓடியது. மறுபடியும் நின்றது. மேடையில் நின்ற பாடகி மைக்கில் "வீல்" என்று அலறினார்!

இது சினிமாக் காட்சி அல்ல. 13-4-2024 சனிக்கிழமை இரவு அமெரிக்காவில் இண்டியோ என்ற ஊரில் நடந்த கோச்செல்லா இசை விழாவில் உண்மையில் நடந்த சம்பவம்.

அலறியவர் கனடா நாட்டுப் பாடகி கிரைம்ஸ் (அப்போது வயது 36). கோடீஸ்வரர் எலான் மஸ்க்கின் முன்னாள் காதலி. அன்று அவர் டி.ஜே.யாக, அதாவது பாட்டுகளை ஒன்றோடு ஒன்று கோர்த்துப் போடுகிறவராக மேடை ஏறினார்.

பாட்டெல்லாம் 2 மடங்கு வேகத்தில் காட்டுகிறது, கணக்குப் போட்டுக்கொண்டு இருக்கிறேன் என்று மேடையிலேயே புலம்பினார். கூட்டம் திகைத்து நின்றது. 3 நாள் விழாவுக்கு 2024-ல் டிக்கெட் விலை கிட்டத்தட்ட 500 டாலராக இருந்தது. காசு கொடுத்தவனுக்குக் கோபம் வருமா, வராதா?

அன்று இரவே வீடியோ உலகம் பூராவும் பரவியது. கூடவே பழைய சண்டையும் கிளம்பியது. கை நிறையச் சம்பளம் வாங்கும் டி.ஜே. தவறு செய்யலாமா, கூடாதா?

ஆபரேட்டர் வேலை

டி.ஜே. என்ன செய்கிறார் என்று தெரிந்தால்தான் இந்தச் சண்டை புரியும்.

முன்பு சினிமா தியேட்டர்களில் 2 புரொஜக்டர் இருக்கும். ஒரு ரீல் முடியும் நேரம் பார்த்து, ஆபரேட்டர் அடுத்த மெஷினை ஓட விடுவார். சரியாக மாற்றினால் யாருக்கும் தெரியாது. கொஞ்சம் அசந்தால் போச்சு. தரை டிக்கெட்டில் விசில் பறக்கும்.

டி.ஜே. வேலையும் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் இங்கே 2 பாட்டும் கொஞ்ச நேரம் சேர்ந்தே ஓட வேண்டும்.

ஒரு பாட்டு நிமிஷத்துக்கு 124 அடி, அடுத்த பாட்டு 126 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 2 அடிதான். அப்படியே விட்டால் 15 வினாடியில் அரை அடி விலகிவிடும். இரண்டு டிரம்மும் குதிரைக் குளம்பு மாதிரி "டக டக, டக டக" என்று முட்டிக்கொள்ளும். ஆடுகிறவர்களுக்குக் காலை எங்கே வைப்பது என்று தெரியாது. டி.ஜே.க்கள் பாஷையில் இதற்கு "ரயில் விபத்து" என்று பெயர்!

காதும் கையும்

நியூயார்க்கில் பழைய சர்ச் ஒன்றில் நடந்த "சாங்சுவரி" என்ற கிளப்பில் பிரான்சிஸ் கிராசோ என்பவர் 1970 வாக்கில் இந்த வித்தையைப் பிரபலப்படுத்தினார். தட்டு கீழே சுற்றும். மேலே இசைத்தட்டைக் கையால் பிடித்து நிறுத்தி வைப்பார். தாளம் வந்ததும் கையை எடுப்பார். பாட்டு கச்சிதமாகச் சேர்ந்துகொள்ளும்.

1972-ல் ஜப்பானில் இருந்து டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 என்ற ரிக்கார்டு பிளேயர் வந்தது. 1979-ல் வந்த அதன் அடுத்த மாடலில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க நீளமான தள்ளு பட்டை வைத்தார்கள். ஒரு காதில் ஹெட்போன், மறு காதில் ஹாலில் ஓடும் பாட்டு. டி.ஜே. இரண்டையும் கேட்டு, விரலால் தள்ளித் தள்ளித் தாளத்தைச் சேர்க்க வேண்டும். கை பழக மாதக்கணக்கில் பிடிக்கும்.

இப்போது அந்தக் கஷ்டம் இல்லை. 2012 முதல் கிளப்புகளில் இருக்கும் பெரிய மெஷின்களிலேயே "சிங்க்" பட்டன் வந்துவிட்டது. அமுக்கினால் போதும். மெஷினே தாளத்தைச் சேர்த்துவிடும்.

400 கோடி ரூபாய்!

வேலை சுலபமாகி இருக்கிறது. சம்பளம் குறைந்ததா? அதுதான் இல்லை!

ஸ்காட்லாந்துக்காரர் கால்வின் ஹாரிஸ் 2014-ல் ஒரே வருஷத்தில் 6 கோடியே 60 லட்சம் டாலர் சம்பாதித்ததாக "போர்ப்ஸ்" பத்திரிகை கணக்குப் போட்டது. அன்றைய மதிப்பில் சுமார் 400 கோடி ரூபாய். அவரே இயற்றிய பாட்டுகளின் வருமானமும் இதில் சேர்த்தி. ஆனாலும் லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதி கிளப்புகளில் வாங்கிய சம்பளம் அதில் பெரிய பங்கு.

"இவ்வளவு வாங்குகிறவர் ஒரு தாளத்தைக்கூட விடக்கூடாது" என்கிறது ஒரு கட்சி. கல்யாண வீட்டில் சொற்பக் காசுக்குப் பாட்டுப் போடும் பையன் தவறு செய்தால், அடுத்த கல்யாணத்துக்கு அவனைக் கூப்பிட மாட்டார்கள். ஏழைக்கு ஒரு சட்டம், பணக்காரனுக்கு ஒரு சட்டமா?

நியாயமான கேள்விதான்.

பிசகே இல்லை, ஆனால்...

எதிர்க் கட்சியிடமும் விஷயம் இருக்கிறது. கொஞ்சம்கூடப் பிசகாமல் போட ஒரு சுலப வழி உண்டு. வீட்டிலேயே முழுவதையும் பதிவு செய்து கொண்டுவந்து, மேடையில் பட்டனை அமுக்கிவிட்டுக் கையை ஆட்டுவது!

பெரிய விழாக்களில் வாணவேடிக்கையும் விளக்கும் திரைப்படமும் பாட்டோடு வினாடி தப்பாமல் வர வேண்டும். அதற்காகப் பலவற்றை முன்பே கட்டி முடித்துவிடுகிறார்கள். எலித் தலை முகமூடி போட்டு மேடை ஏறும் கனடா நாட்டு "டெட்மாஸ்" 2012-ல் இதைப் போட்டு உடைத்தார். பெரிய மேடையில் நாங்கள் எல்லோரும் பட்டனைத்தான் அமுக்குகிறோம் என்று எழுதினார். சக டி.ஜே.க்கள் கொதித்தார்கள்.

பட்டன் ஆட்டத்தில் தாளம் தப்பாது. ஆனால் எதிரே நிற்கும் கூட்டம் சோர்ந்தாலும் பாட்டு மாறாது. அதற்கா 500 டாலர்?

தப்பினாலும் புகழ்

டெட்ராய்ட் நகரத்து ஜெப் மில்ஸ் 3 ரிக்கார்டு பிளேயரைச் சேர்த்து ஓட்டுகிற சூரர். 1995-ல் டோக்கியோவில் அவர் நடத்திய நிகழ்ச்சி மறு வருஷம் சி.டி.யாக வந்தது. சில இடங்களில் தாளம் வழுக்குவது அதில் நன்றாகவே கேட்கும். ஆனாலும் டெக்னோ ரசிகர்கள் இன்றுவரை அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். காரணம், மூச்சு விடாமல் பாட்டை மாற்றிக்கொண்டே போகிறார். அந்த வேகத்தில் வழுக்கத்தான் செய்யும்.

நியூயார்க்கில் 1970 முதல் "லாப்ட்" விருந்து நடத்திய டேவிட் மன்குசோ பிற்பாடு பாட்டுகளைக் கலப்பதையே விட்டுவிட்டார். ஒரு பாட்டை முதலில் இருந்து கடைசி வரை போடுவார். அது முடிந்ததும் அடுத்த பாட்டு. இடையில் கூட்டம் கைதட்டும். 2016-ல் அவர் இறந்தபோது டி.ஜே. உலகமே கண்ணீர் விட்டது.

ஆக, தாளம் தப்பாமல் இருப்பது மட்டும் தொழில் இல்லை. எந்த நேரத்தில் எந்தப் பாட்டு என்று தெரிவதும், தப்பினால் கூட்டம் உணருவதற்குள் சரிக்கட்டுவதும்தான் தொழில். பழகிய கை வழுக்கினால் அடுத்த பாட்டில் மறந்துபோகும்.

கிரைம்ஸ் வாக்குமூலம்

அப்படியானால் கோச்செல்லாவில் நடந்தது மன்னிக்கக்கூடிய வழுக்கலா?

நிகழ்ச்சி முடிந்ததும் கிரைம்சே "எக்ஸ்" தளத்தில் மன்னிப்புக் கேட்டார். உண்மையையும் ஒப்புக்கொண்டார்.

மெஷினில் போடும் பாட்டுகளை முன்கூட்டியே கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒவ்வொன்றின் வேகத்தையும் குறித்து வைக்க வேண்டும். கம்ப்யூட்டர் சில நேரம் வேகத்தை 2 மடங்காகவோ பாதியாகவோ தப்பாகக் குறித்துவிடும். உட்கார்ந்து பாட்டுகளைச் சரிபார்க்க வேண்டும்.

அந்த வேலையை நேரம் மிச்சம் என்று கிரைம்ஸ் வேறு ஆளிடம் விட்டுவிட்டார். மேடையில் மெஷின் 370 என்கிற மாதிரி நடக்கவே முடியாத எண்களைக் காட்டியது. நம்பி வந்த எண்ணே பொய்! சமாளிக்க முடியவில்லை.

அதாவது, கை வழுக்கவில்லை. வீட்டுப்பாடம்தான் நடக்கவில்லை.

சம்பளத்துக்கும் தவறுக்கும் உள்ள கணக்கு இங்கேதான் இருக்கிறது. லட்சம் வாங்கினாலும் கோடி வாங்கினாலும் மனுஷன் கை ஒரு தடவை தவறும். அதற்கு யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள். ஆனால் மேடைக்கு வருவதற்கு முன்பு உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலைக்கும் சேர்த்துத்தான் சம்பளம்.

மறு சனிக்கிழமை

கோச்செல்லா 2 வாரக் கடைசிகளில் நடக்கும் விழா. அடுத்த வாரம் எல்லாப் பாட்டையும் நானே சரிபார்ப்பேன் என்று கிரைம்ஸ் வாக்குக் கொடுத்தார்.

20-4-2024 சனிக்கிழமை மறுபடியும் மேடை ஏறினார். முதல் வாரம் மாதிரி குளறுபடி நடக்கவில்லை. கூட்டம் ஆடியது.

ஆனால் முதல் சனிக்கிழமை டிக்கெட் வாங்கி வந்தவர்களுக்கு அந்த ஆட்டம் கிடைக்கவில்லை.