புழுங்கலா, பச்சையா?

(வானொலிப் பண்ணை நிகழ்ச்சியில் பேசியது)



போன அறுப்புக்குப் பிறகு எங்க ஊர் ரைஸ்மில் வாசலில் ஒரு வாக்குவாதம். பெரியவர் ஒருவர் நாலு மூட்டை நெல்லை வண்டியில் கொண்டாந்து இறக்கினார். "வீட்டிலேயே அவிச்சுக் காயவச்சுட்டேன், ஒரு தீட்டு தீட்டினா போதும்" என்றார். கூட வந்த மகன் விடவில்லை. "ரெண்டு ஓட்டு ஓட்டுங்கண்ணே, சோறு மல்லிகைப்பூ மாதிரி இருக்கணும். பொண்ணு வீட்டுக்காரங்க வர்றாங்க" என்றார். கடைசியில் மகன்தான் ஜெயித்தார். தவிட்டோடு என்ன போனது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கும் அப்போது வாய் வரவில்லை. அதனால்தான் இன்றைக்கு இந்தப் பேச்சு.

பச்சரிசி, புழுங்கலரிசி இரண்டும் ஒரே நெல்தான். ஒரே வயலில் ஒரே ரகம் விளைந்து, பாதி மூட்டையை அப்படியே காயவைத்துக் குத்தினால் பச்சரிசி. மீதிப் பாதியை ஊறப்போட்டு, ஆவியில் அவித்து, உலர்த்திக் குத்தினால் புழுங்கலரிசி. ஆனால் இரண்டையும் மில்லில் நன்றாகத் தீட்டியபின் எடுத்து ஆராய்ந்தால், ஒரு விஷயத்தில் மூன்று பங்குக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது.

அது எப்படி என்று பாருங்கள். உமியை நீக்கினதும் தெரிகிற அரிசி வெள்ளையாக இராது, பழுப்பாக இருக்கும். அந்தப் பழுப்புதான் தவிட்டுத் தோல். அரிசியின் ஒரு முனையில் முளை இருக்கிறது. உடம்பு சோற்றைச் சக்தியாக மாற்றுவதற்குத் தேவையான பி வைட்டமின்களில் பெரும்பகுதி இந்தத் தோலிலும் முளையிலும்தான். நடுவில் இருக்கும் வெள்ளைப் பகுதி மாவு. அதில் அந்தச் சத்து சொற்பம். பச்சை நெல்லைத் தீட்டும்போது தோலும் முளையும் தவிடாகப் போகின்றன, சத்தும் கூடவே போய்விடுகிறது.

நெல்லை ஊறவைத்தால் கதை மாறுகிறது. தயமின் என்கிற பி1 வைட்டமின் தண்ணீரில் கரையக்கூடியது. ஊறும்போது அது கரைந்து உள்பக்கம் இறங்குகிறது. பிறகு ஆவி பட்டதும் அரிசியின் மாவு பசைபோல் இளகி, ஆறினபின் கெட்டிப்பட்டு, உள்ளே வந்த சத்தைப் பிடித்து வைத்துக் கொள்கிறது. அப்புறம் மேல்தோலைத் தீட்டினாலும் எல்லாம் போய்விடாது.

கணக்கைச் சொல்கிறேன். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய உணவுப் பட்டியலில், தீட்டின பச்சரிசி 100 கிராமில் தயமின் 0.06 மில்லிகிராம். தீட்டின புழுங்கலரிசியில் 0.21. நியாசின் என்ற இன்னொரு பி வைட்டமின் பச்சரிசியில் 1.9, புழுங்கலில் 3.8. கைக்குத்தல் பச்சரிசியில் தயமின் 0.21 இருக்கிறது. அதாவது உலக்கை போட்ட காலத்தில் பச்சரிசி சாப்பிட்டவர்களுக்கும் பெரிய நஷ்டம் இல்லை. மெஷின் வந்தபிறகுதான் வம்பு வந்தது.

இந்த எண்களைச் சாப்பாட்டில் வைத்துப் பாருங்கள். வயலில் வேலை செய்கிற ஆளுக்கு நாளைக்கு ஒன்றரை மில்லிகிராமுக்குக் குறையாமல் தயமின் வேண்டும். அவர் 400 கிராம் அரிசி சாப்பிடுகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். தீட்டின பச்சரிசியானால் அதில் கிடைப்பது 0.24 மில்லிகிராம், கால் மில்லிகிராம்கூட முழுசாக இல்லை. புழுங்கலானால் 0.84. மீதியைப் பருப்பும் நிலக்கடலையும் ஈடுகட்டலாம். பருப்பு வாங்கச் சக்தியில்லாத வீட்டில் அந்தக் கால் மில்லிகிராம்தான் கதி.

"கால் மில்லிகிராமுக்கா இவ்வளவு பேச்சு?" என்று கேட்பீர்கள். அந்தச் சத்து குறைந்தால் வருகிற நோய்க்குப் பெயர் பெரிபெரி. கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், சிலருக்கு உடம்பு வீங்கி, மூச்சு வாங்கி, இருதயம் நின்றுவிடும். 100 வருஷத்துக்கும் முன்னே மலேயாவில் இந்த நோயால் ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். வெள்ளீயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளிகள்தான் அதிகம் பலியானார்கள். அதே நாட்டில் தோட்டங்களில் பாடுபட்ட நம் தமிழ் ஜனங்களுக்கு அநேகமாக அந்த நோய் வரவில்லை. இரண்டு பேருமே கூலிக்காரர்கள், இரண்டு பேருக்கும் சோறுதான் சாப்பாடு. பிராடன் என்ற டாக்டர் இதைக் கவனித்து ஆராய்ந்தார். சீனர்கள் சாப்பிட்டது தீட்டின வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் ஊர்ப் பழக்கத்தை விடாமல் புழுங்கலரிசி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

அதோடு விடவில்லை. 1905-06-ல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் என்ற டாக்டர் ஒரு சோதனை செய்தார். நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சயாம் வெள்ளை அரிசி, இன்னொரு பிரிவுக்குப் புழுங்கலரிசி கொடுத்தார். மற்றச் சாப்பாடு ஒன்றுதான். வெள்ளை அரிசி சாப்பிட்ட 120 பேரில் 36 பேருக்குப் பெரிபெரி, அவர்களில் 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் சாப்பிட்ட 123 பேரில் இரண்டே பேருக்கு நோய். அந்த இரண்டு பேரும் வந்து சேரும்போதே நோயோடு வந்தவர்கள். சாவு ஒன்றும் இல்லை. அறியாத மனுஷரை வைத்து இப்படிச் சோதனை செய்தது நியாயமா என்பது வேறு கேள்வி. என் மனசுக்கு அது ஒப்பவில்லை. ஆனால் உண்மை வெளியே வந்துவிட்டது.

இந்த நாட்டிலும் இதே மாதிரிதான். ஆந்திரக் கடற்கரை ஜில்லாக்களில் மில்லில் தீட்டின பச்சரிசிப் பழக்கம் இருந்த இடத்தில் பெரிபெரி இருந்தது. புழுங்கல் சாப்பிட்ட தமிழ் ஜில்லாக்களில் அவ்வளவாக இல்லை. குன்னூர் ஆராய்ச்சி நிலையத்தில் மக்காரிசன், அவருக்குப் பின் அய்க்ராய்டு என்ற விஞ்ஞானிகள் இதையெல்லாம் எழுதி வைத்தார்கள். அந்த நிலையம்தான் பிறகு ஐதராபாத்துக்குப் போய் நான் சொன்ன தேசிய நிறுவனமாக ஆனது.

பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. சமீப வருஷங்களில்கூடக் காஷ்மீரத்தில் கைக்குழந்தைகளுக்கு இந்தச் சத்துக் குறைவால் ஆபத்து வந்ததை டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். அங்கே தாய்மார்கள் சாப்பிட்டது தீட்டின வெள்ளை அரிசி. அதையும் பலதடவை கழுவி, கஞ்சி வடித்துச் சாப்பிட்டார்கள். தாய்க்கு வெளியே ஒன்றும் தெரியாது, பாலில் சத்து இராது, பிள்ளைக்கு வந்துவிடும். நம் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்று பருப்பை நிறுத்தி, கீரையை நிறுத்தி, வெறும் சோறும் ரசமும் போடுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஆத்தாமார்கள் கோபிக்கக் கூடாது. அந்த நாற்பது நாளாவது அவளுக்குப் புழுங்கல் சோறு போடுங்கள், பருப்பையும் நிறுத்தாதீர்கள்.

பச்சரிசி வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பொங்கலுக்குப் பச்சரிசிதான், புட்டுக்கும் இடியாப்பத்துக்கும் அதுதான், படையலுக்கும் அதுதான். புரதத்தில் இரண்டுக்கும் பெரிய பேதம் கிடையாது, 100 கிராமுக்கு 6 முதல் 7 கிராம். வயிறு நிரப்புகிற சக்தியும் ஒன்றே. இரும்புச் சத்து இரண்டிலும் குறைவு, ஏ வைட்டமின் இரண்டிலும் இல்லை. அதற்குக் கீரைதான் வழி. சர்க்கரை வியாதிக்காரர்களுக்குப் புழுங்கல் நல்லது என்று நாலு பேர் சொல்கிறார்கள். கொஞ்சம் மெதுவாகச் செரிக்கும் என்பது சரிதான். அதற்காகத் தட்டு நிறையப் போட்டுக்கொண்டால் பலன் ஒன்றும் இல்லை.

இனி அடுப்படிக்கு வருவோம். தாய்மார்களே, அரிசியை எத்தனை தடவை கழுவுகிறீர்கள்? தீட்டின பச்சரிசியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினால், இருக்கிற கொஞ்ச தயமினிலும் 40 சதவீதம் வரை கழுநீரோடு போய்விடும். புழுங்கலில் சத்து உள்ளே பிடித்திருப்பதால் நஷ்டம் குறைவு. கல், தூசி போக ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை அலம்பினால் போதும். அப்புறம் வடிகஞ்சி. நிறையத் தண்ணீர் வைத்துப் பொங்கி வடித்தால் மிச்சத்திலும் ஒரு பங்கு கஞ்சியில் போகும். தண்ணீரை அளந்து வைத்து வற்றவிடலாம். வடித்துத்தான் பழக்கம் என்றால் அந்தக் கஞ்சியை உப்புப் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். கழுநீரும் கஞ்சியும் மாட்டுக்குத்தானே போகிறது என்பீர்கள். மாட்டுக்கு அந்த வைட்டமின் வெளியிலிருந்து வேண்டியதே இல்லை, அதன் பெருவயிற்றில் இருக்கிற நுண்ணுயிர்களே தயாரித்துக் கொடுத்துவிடுகின்றன. நமக்குத்தான் அந்த வசதி இல்லை.

"புழுங்கல் சோறு வாடை அடிக்குது, அதான் பிள்ளைகள் தொடமாட்டேங்குது" என்று ஒரு புகார் உண்டு. நியாயமான புகார்தான். குற்றம் புழுங்கலில் இல்லை, ஊறலில் இருக்கிறது. பச்சைத் தண்ணீரில் இரண்டு நாள், மூன்று நாள் ஊறப்போட்டால் தண்ணீர் புளித்து நாறும், அந்த நாற்றம் அரிசியில் ஏறிவிடும். மைசூரில் உள்ள மத்திய உணவு ஆராய்ச்சி நிலையத்தார் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். சூடான தண்ணீரில் ஊறவைப்பதுதான் அது. 70 டிகிரி அளவில் சூடு நின்றால் மூன்று நான்கு மணி நேரத்தில் நெல் ஊறிவிடும். வாடை வராது, நிறமும் அதிகம் மங்காது.

வீட்டில் செய்கிறவர்கள் இப்படிச் செய்யலாம். முதலில் நெல்லைத் தண்ணீரில் கொட்டிக் கலக்கி, மிதக்கிற பதரை அரித்து எடுத்துவிடுங்கள். அண்டாவில் தண்ணீரைக் கொதி வருகிற பக்குவத்துக்குக் காயவைத்து, நெல்லைக் கொட்டி நன்றாகக் கிளறுங்கள். நெல் சூட்டை வாங்கிக்கொள்ளும், கை வைக்க முடியாத சூடு மட்டும் நிற்கும். மூடி, மேலே சாக்குப் போட்டு வையுங்கள். மாலையில் போட்டால் காலையில் தண்ணீரை வடித்துவிடலாம். பிறகு அடியில் கொஞ்சம் தண்ணீர் மட்டும் விட்டு, மூடி அவியுங்கள். மேல் நெல் வரை ஆவி வந்து, உமி வாய் பிளந்தால் பதம். அதற்கு மேல் விட்டால் அரிசி பிதுங்கிப் போகும், நிறமும் கறுத்துவிடும்.

உலர்த்துவதில்தான் பலபேர் கோட்டை விடுகிறார்கள். உச்சி வெயிலில் ஒரே மூச்சில் காயவைத்தால் மணி விரிசல் விட்டு, மில்லில் நொய்யாகக் கொட்டும். முதலில் வெயிலில் கிளறிக் கிளறிப் பாதிக்கு மேல் காயவிடுங்கள். பிறகு குவித்து மூடி இரண்டு மூன்று மணி நேரம் வையுங்கள். உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வரும். அப்புறம் இளவெயிலிலோ நிழலிலோ மீதியைக் காயவையுங்கள். பல்லில் கடித்தால் நசுங்காமல் 'டக்'கென்று உடையவேண்டும். சரியாக அவித்து உலர்த்தின நெல்லில் மணி கெட்டிப்படுவதால், பச்சையைவிட முழு அரிசி அதிகம் தேறும்.

மூட்டையை மில்லில் இறக்கும்போதே "ஒரு தீட்டுதான்" என்று சொல்லிவிடுங்கள், ஓட்டினபிறகு சொல்லிப் பயனில்லை. தவிட்டையும் மில்லிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். பச்சை நெல் தவிடு சில நாளிலேயே சிக்கு வாடை அடிக்கும். அவித்த நெல்லின் தவிட்டில் எண்ணெயும் கூடுதல், அவ்வளவு சீக்கிரம் கெடவும் செய்யாது. கறவை மாட்டுத் தீவனத்தில் கலக்கிறவர்கள் இதைக் கேட்டு வாங்கிக் கொள்ளலாம்.