ஏரிக்குப் பழகப் போனோம், தோட்டத்தைப் பார்த்தோம்

மனத்தில் இருந்த பயணம் வேறு. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளும் கரை பகிர்ந்துகொள்ளும் போடன்சே ஏரியைச் சைக்கிளில் ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும் என்பது எனக்கும் கணவருக்கும் நெடுநாள் ஆசை. ஏரியைச் சுற்றிச் சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள். முழுச் சுற்று ஏறக்குறைய 260 கிலோமீட்டர். அவசரமில்லாமல் மிதித்தால் ஒரு வாரம். காலையில் ஜெர்மனியில் பசியாறிவிட்டு, மதியம் ஆஸ்திரியாவில் சாப்பிட்டு, பொழுது சாய்வதற்குள் சுவிட்சர்லாந்துக்குப் போய்விடலாம்.

ஆனால், வாரம் முழுக்க அலுவலக நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு 260 கிலோமீட்டர் சும்மா வந்துவிடுமா? முதலில் உள்ளூரில் பழகுவோம் என்று முடிவு செய்தோம். ஈப்போவிலிருந்து கோலகங்சார் வரை பழைய கூட்டரசு சாலையில் சுமார் 50 கிலோமீட்டர். சனிக்கிழமை போய், இரவு தங்கி, ஞாயிற்றுக்கிழமை திரும்புவதாகத் திட்டம்.

அம்மாவிடம் சொன்னோம். “சுங்கை சிப்புட் வழியாத்தானே போறீங்க? அப்படியே நம்ம தோட்டத்தையும் எட்டிப் பாத்துட்டு வாங்க” என்றார்.

அம்மா பிறந்ததும், பால்மரம் வெட்டியதும், கல்யாணமாகிக் கிளம்பியதும் அந்தத் தோட்டத்திலிருந்துதான். காரில் போகும்போது எத்தனையோ முறை அந்த முனையைக் கடந்திருக்கிறோம். ஒருமுறைகூட உள்ளே திரும்பியதில்லை.

விடிந்தும் விடியாமலும் ஈப்போவை விட்டோம். சுண்ணாம்புக்கல் மலைகளில் பனி இறங்கியிருந்தது. சிம்மோரில் தேநீர். அதற்கப்பால் லாரிகள் உரசிக்கொண்டு போக, ஓரமாக ஒருவர் பின் ஒருவராக மிதித்தோம். வெயில் ஏறும் முன்பே சுங்கை சிப்புட் வந்துவிட்டது.

இந்த ஊரை வரலாற்றுப் புத்தகத்தில் படித்திருப்போம். 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள், இங்குள்ள எல்பில் தோட்டத்திலும் அருகிலிருந்த இன்னொரு தோட்டத்திலும் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து வந்த அவசரகாலம் 1960வரை நீடித்தது. அந்தக் காலத்தில் தோட்டத்துக் கேட்டைத் தாண்டுவது எல்லை தாண்டுவது போலத்தான் என்று பாட்டி சொல்வார். காட்டுக்குள் இருப்பவர்களுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று ஆளையும் சோதிப்பார்களாம், சைக்கிளையும் சோதிப்பார்களாம்.

டவுனை விட்டு விலகிச் செம்மண் சாலையில் திரும்பினோம். கேட்டில் இருந்த காவலரிடம் விவரம் சொன்னதும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். உள்ளே ஒரு பால்மரம்கூட இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம்வரை செம்பனைதான். லயம் இருந்த இடம் தெரியவில்லை. பிரட்டு நடந்த களமும் தெரியவில்லை. கைப்பேசி வரைபடத்தில் அந்த இடம் வெறும் பச்சையாக இருந்தது. தோட்டத்தின் பெயரே அதில் இல்லை.

மிச்சமிருந்தது மாரியம்மன் கோயில் மட்டும். புதுச் சாயம் பூசியிருந்தார்கள். வாசலில் கூட்டிக்கொண்டிருந்த பெரியவர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “எந்தத் தோட்டம்மா நீங்க?” என்றார்.

ஈப்போவில் பிறந்து வளர்ந்த என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. “இந்தத் தோட்டந்தான் தாத்தா” என்று சொல்லி, அம்மாவைக் கைப்பேசியில் அழைத்துக் கொடுத்தேன். அரைமணி நேரம் பேசினார்கள். அம்மா சொல்லச் சொல்ல, அவர் கைநீட்டிக் காட்டினார். செம்பனை வரிசைக்குள் பால் கொட்டகை இருந்த இடம், பள்ளிக்கூடம் இருந்த மேடு, என் தாத்தா சைக்கிளை நிறுத்தும் புளியமரம் நின்ற மூலை எல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. அம்மாவைத் தீபாவளித் துணி எடுக்க டவுனுக்குக் கூட்டிப்போனது அந்தச் சைக்கிள்தானாம். கணவர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

அங்கே நின்றபோது, போடன்சே பற்றிப் படித்த ஒன்று நினைவுக்கு வந்தது. ஜெர்மனியின் கொன்ஸ்தான்ஸ் நகருக்கும் சுவிட்சர்லாந்தின் கிரொய்ட்ஸ்லிங்கன் நகருக்கும் நடுவில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வேலி போட்டார்கள். ஏரிக்கரையில் இருந்த அந்த வேலியை 2006இல் அகற்றினார்கள். ஆனால் இடத்தை அப்படியே விட்டுவிடவில்லை. எல்லைக்கோட்டில் 22 சிற்பங்களை நிறுத்தி வைத்தார்கள். 2020இல் கொரோனா வந்தபோது அதே கரையில் மறுபடியும் வேலி முளைத்தது. இரண்டு பக்கமும் நின்று காதலர்கள் பேசிக்கொண்டார்கள். சில வாரங்களில் அந்த வேலியும் போய்விட்டது. இங்கே ஓர் எல்லை இருந்தது என்று அந்த ஊர் பிள்ளைகளுக்கு இன்றும் தெரியும்.

நம் தோட்டங்களுக்கும் எல்லைகள் இருந்தன. துண்டாடலில் சில போயின. அதைத் தடுக்கத்தான் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். செம்பனைக்கும் தாமான்களுக்கும் இடம்விட்டுச் சில போயின. போன இடத்தில் ஒரு பலகைகூட இல்லை.

மதியம் கோலகங்சார் போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒரு ரப்பர் மரம் நிற்கிறது. 1877இல் இந்த ஊரில் நட்ட ஒன்பது கன்றுகளில் மிஞ்சியது. அதற்குப் பெயர்ப்பலகை உண்டு. மரத்தை நினைவு வைத்திருக்கிறோம், நல்லது. அதை வெட்டியவர்கள் வாழ்ந்த இடங்களை நினைவு வைப்பது நம் வேலை. வேறு யாரும் வந்து செய்யப் போவதில்லை.

நீங்களும் கிளம்பலாம். பெரிய சைக்கிள் தேவையில்லை. காலை ஏழு மணிக்குள் புறப்படுங்கள். பிற்பகல் மழைக்கு முன் தங்குமிடம் சேருங்கள். தண்ணீர், மாற்று டியூப், பளிச்சென்ற சட்டை அவசியம். தோட்டம் தனியார் நிலம், கேட்டில் கேட்டுவிட்டு நுழையுங்கள். ஏரி வேண்டுமென்றால் கோலகங்சாருக்கு வடக்கே செண்டேரோ ஏரி இருக்கிறது. பேராக் ஆற்றில் நீர்மின்சாரத்துக்காக அணை கட்டியதால் உண்டானது. கிளம்புவதற்கு முன் வீட்டுப் பெரியவர்களிடம் தோட்டத்தின் பெயரையும் வழியையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

போடன்சே இன்னும் பாக்கி இருக்கிறது, போவோம். அதற்கு முன் கோயில் திருவிழாவுக்கு அம்மாவைக் கூட்டிப்போக வேண்டும். பெரியவர் தேதி சொல்லி அனுப்பியிருக்கிறார். அம்மா இப்போதே சேலை எடுத்து வைத்துவிட்டார்.