எண்ணூர் கழியைத் தூர்வாரினால் வெள்ளம் வடியுமா?

வடசென்னையின் கல்மண்டபத்தில் பஸ் ஏறி, திருவொற்றியூர் தாண்டி வடக்கே போனால், கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரம் வந்துவிடும். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, அடிச்சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவர்களை அங்கே இன்றும் பார்க்கலாம். பல இடங்களில் அவர்கள் கைக்குச் சிக்குவது சேறு இல்லை, சாம்பல். வடசென்னை அனல்மின் நிலையத்தின் குழாய்களில் கசிந்த நிலக்கரிச் சாம்பல் ஆண்டுக்கணக்காகப் படிந்து கழியை மேடாக்கிவிட்டது. அதை அள்ளி, ஆற்றுக்கும் கழிக்கும் பழைய தொடர்பை மீட்டால் வெள்ளம் குறையுமா?

எத்தனை தண்ணீருக்கு வாசல்?

சுமார் 136 கி.மீ. ஓடிவரும் கொசஸ்தலை, 1944இல் கட்டி முடித்த பூண்டி ஏரியின் உபரியைச் சுமந்து வருகிறது. புழல் உபரிநீர்க் கால்வாயும் சடையங்குப்பம் பக்கம் வந்து சேர்கிறது. பக்கிங்காம் கால்வாய் நீரும் இங்கேதான் கலக்கிறது. எல்லாவற்றுக்கும் வாசல் ஒன்று. அதைச் சாம்பலும் மணல்திட்டும் அடைத்தால், தண்ணீர் மணலிப் பக்கம் ஏறும்.

கடல் வழிவிடுமா?

சென்னையில் கடல் ஏறி இறங்கும் அளவு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஆனால் தட்டையான இந்த மண்ணில் அதுவே அதிகம். கடல் ஏறியிருக்கும் நேரம் ஆறு வடியாது. புயல் நாளில் கடல் இன்னும் உயரும். ஆழமாகத் தோண்டிய வாய்க்கால் உப்புநீரையும் உள்ளே விடும். ஆகவே கடல் இறங்கும்வரை, ஏறத்தாழ ஆறு மணி நேரம் வெள்ளம் பரந்து நிற்க இடம் வேண்டும். சேற்றுவெளியும் அலையாத்திக் காடும் உப்பளமும் அதைத்தான் செய்தன. அவற்றில் கணிசமான பகுதியை மண் கொட்டி நிரப்பி ஆலைகளும் துறைமுகமும் வந்துவிட்டன.

தண்ணீரோடு வேறென்ன வரும்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிக்குள் புகுந்தது. படகு, வலை, அலையாத்தி வேர் எதுவும் தப்பவில்லை. வழி திறந்தால் கழிவும் அதே வழியில் வரும். அள்ளிய சாம்பலைக் கரையிலேயே குவித்தாலும் ஆபத்துதான்: கரை உயரும், வெள்ளம் அடுத்த குப்பத்துக்குத் திரும்பும்.

கரையை உயர்த்துவதற்குப் பதிலாக, நெதர்லாந்தின் நைமேகன் நகரில் வால் (Waal) ஆற்றின் கரையையே 350 மீட்டர் பின்னால் நகர்த்தி, வெள்ளத்துக்கு இடம் விட்டார்கள். அங்கே இருந்த வீடுகளை இடிக்க வேண்டியிருந்தது. இங்கே அந்த இடத்தை விட்டுத்தர வேண்டியது யார்?

பொக்லைன் இறங்குமுன் ஒரு கணக்கு போட்டாக வேண்டும்: பூண்டி மதகு திறந்து, கடலும் ஏறியிருக்கும் ஒரு ராத்திரியில் சடையங்குப்பத்தில் எந்தத் தெருவரை தண்ணீர் வரும்? தூர்வாரும் திட்டத்தின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய வரைபடம் அதுதான்.