தொன்லே சாப் ஏரி: பயன்களும் ஆபத்துகளும்



சுற்றுச்சூழல் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், மாணவர்கள் பெரும்பாலும் என்ன எழுதுகிறார்கள்? "குப்பையை ஆற்றில் வீசக் கூடாது. மரம் நட வேண்டும். அரசாங்கம் கடுமையான சட்டம் கொண்டுவர வேண்டும்." இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனா, 30 கட்டுரை திருத்தினா 30-லயும் இதே மூன்று வரிதான் இருக்கு. எந்த இடம், யாருக்கு என்ன இழப்பு, எதனால் எது நடந்தது என்பது மட்டும் இருக்காது.

அதனால் இந்த முறை ஒரே ஓர் ஏரியை எடுத்துக்கொள்வோம். கம்போடியாவில் உள்ள தொன்லே சாப், தென்கிழக்காசியாவின் மிகப் பெரிய நன்னீர் ஏரி. அதன் பயன் என்ன, அதற்கு வந்திருக்கும் ஆபத்து என்ன என்று காரண காரியத்தோடு பார்ப்போம்.

சுருங்கி விரியும் ஏரி

பொதுவாக ஓர் ஏரியின் பரப்பளவைக் கேட்டால் ஓர் எண்ணைச் சொல்வோம். தொன்லே சாப்புக்கு இரண்டு எண்கள் சொல்ல வேண்டும். கோடைக்காலத்தில் அதன் பரப்பு ஏறக்குறைய 2,500 சதுர கிலோமீட்டர். மழைக்காலத்தின் உச்சத்தில் ஏறக்குறைய 15,000 சதுர கிலோமீட்டர். அதாவது மூன்று சிங்கப்பூர் அளவில் இருந்த ஏரி, சில மாதங்களில் கிளந்தான் மாநிலம் அளவுக்கு விரிகிறது. ஆழமும் அப்படித்தான். கோடையில் பல இடங்களில் ஒரு மீட்டர் அளவுக்குத்தான் தண்ணீர் இருக்கும். மழைக்காலத்தில் அது 9 மீட்டர் வரை உயரும்.

இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருது? இங்கேதான் சுவாரசியமே இருக்கு.

ஏரியிலிருந்து புறப்படும் ஆற்றுக்கும் தொன்லே சாப் என்றே பெயர். அது புனோம் பென் நகருக்கு அருகில் மீகோங் ஆற்றோடு கலக்கிறது. கோடையில் ஏரித் தண்ணீர் இந்த ஆற்றின் வழியாக மீகோங்கிற்கு ஓடும். மழைக்காலம் தொடங்கியதும் மீகோங்கில் வெள்ளம் பெருகி, அதன் நீர்மட்டம் ஏரியின் நீர்மட்டத்தைவிட உயர்ந்துவிடும். நிலமோ கிட்டத்தட்ட சமதளம். ஆகவே, தண்ணீர் எதிர்த்திசையில் திரும்பி ஏரிக்குள் ஓடுகிறது! ஏறக்குறைய ஜூன் முதல் அக்டோபர் வரை இப்படி நடக்கும். மழை ஓய்ந்து மீகோங் வடிந்ததும் ஆறு மறுபடியும் பழைய திசைக்குத் திரும்பும்.

கம்போடிய மக்கள் இந்தத் திருப்பத்தை நவம்பர் மாதப் பௌர்ணமியை ஒட்டி நீர்த் திருவிழாவாகக் கொண்டாடுகிறார்கள். புனோம் பென்னில் நடக்கும் படகுப் போட்டிகள் புகழ்பெற்றவை.

மாணவர்களே, இந்த ஒன்றை நன்றாக நினைவில் வையுங்கள். தொன்லே சாப் வாழ்வது தண்ணீர் ஏறி இறங்குவதால்தான். இனி நாம் பார்க்கப்போகும் பயன்கள் எல்லாம் இதிலிருந்து பிறந்தவை. ஆபத்துகளில் பெரும்பாலானவை இதைக் கெடுப்பவை.

ஏரியின் பயன்கள்

உணவு. ஏரியைச் சுற்றி நீரில் மூழ்கும் காடுகள் உள்ளன. வெள்ளம் வந்ததும் மீன்கள் மரங்களுக்கு இடையே நீந்திச் செல்கின்றன. விழும் பழம், இலை, பூச்சி எல்லாம் அவற்றுக்கு உணவு. குஞ்சுகள் ஒளிந்து வளர வேர்களும் கிளைகளும் இடம் கொடுக்கின்றன. மீகோங் கொண்டுவரும் வண்டல் ஏரிக்கு ஊட்டச்சத்து சேர்க்கிறது. அதனால்தான் உலகில் மீன்வளம் மிகுந்த உள்நாட்டு நீர்நிலைகளில் ஒன்றாக இது விளங்குகிறது. கம்போடிய மக்களுக்குக் கிடைக்கும் விலங்குப் புரதத்தில் பாதிக்கும் மேல் மீனிலிருந்து வருகிறது. கிளந்தான் மக்களுக்குப் 'புடு' எப்படியோ, கம்போடியர்களுக்குப் 'பிரஹோக்' என்ற புளிக்கவைத்த மீன் விழுது அப்படி. மீன் மலிவாகக் கிடைக்கும் காலத்தில் செய்துவைத்து ஆண்டு முழுவதும் சாப்பிடுவார்கள்.

வாழிடம். பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் இந்த ஏரியையும் அதன் கரையையும் நம்பி வாழ்கிறார்கள். சிலருடைய வீடுகள் உயரமான கால்களின்மேல் நிற்கின்றன. சிலருடைய வீடுகள் தண்ணீரில் மிதக்கின்றன. பள்ளிக்கூடம், மளிகைக்கடை, வழிபாட்டு இடம்கூட மிதக்கின்றன.

உயிரினங்கள். ஏரியின் வடமேற்கில் உள்ள பிரெக் தோல் பகுதியில் கூழைக்கடா, நாரை, பாம்புத்தாரா போன்ற நீர்ப்பறவைகள் பெருங்கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. 3 மீட்டர் நீளம் வரை வளரக்கூடிய மீகோங் இராட்சதக் கெளுத்தியும் இந்த நீர்வழியைப் பயன்படுத்தும் மீன்தான். இன்று அது அழிவின் விளிம்பில் இருக்கிறது. யுனெஸ்கோ 1997-ல் தொன்லே சாப்பை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது.

வெள்ளத் தடுப்பு. மழைக்காலத்தில் மீகோங்கின் மிகுதி நீரை ஏரி வாங்கிக்கொள்கிறது. கோடையில் மெல்ல மெல்லத் திருப்பிக் கொடுக்கிறது. இதனால் கீழே உள்ள வியட்நாமின் கழிமுகப் பகுதியில் வெள்ளம் தணிகிறது. கோடையில் கடலின் உப்பு நீர் வயல்களுக்குள் ஏறுவதும் குறைகிறது. ஓர் ஏரி இரண்டு நாடுகளுக்கு உதவுது பாருங்க!

ஏரிக்கு வந்துள்ள ஆபத்துகள்

1. அணைகள். மீகோங்கின் மேல்பகுதியில் சீனா பத்துக்கும் மேற்பட்ட பெரிய அணைகளைக் கட்டியுள்ளது. லாவோசில் சயாபுரி அணை 2019-ல் செயல்படத் தொடங்கியது. மின்சாரத்துக்காக மழைக்கால நீரைத் தேக்கி, கோடையில் திறந்துவிடுகிறார்கள். வெள்ளம் போதிய அளவு உயராவிட்டால் ஆறு திரும்பி ஓடுவது தாமதமாகும், குறையும். அணைகள் வண்டலையும் தடுக்கின்றன. மீன்கள் இடம்பெயரும் பாதையையும் மறிக்கின்றன.

2. பருவநிலை மாற்றம். 2019, 2020 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மழை குறைந்து, மீகோங்கின் நீர்மட்டம் வெகுவாகத் தாழ்ந்தது. ஆறு வழக்கத்தைவிடத் தாமதமாகத்தான் திரும்பியது. மீனவர்களின் வலையில் விழுந்த மீனும் குறைந்தது.

3. மணல் அள்ளுதல். கட்டுமானத்துக்காக மீகோங்கின் அடியிலிருந்து பெருமளவு மணல் எடுக்கப்படுகிறது. ஆற்றின் அடித்தளம் தாழ்ந்தால் அதே அளவு தண்ணீர் ஓடினாலும் நீர்மட்டம் தாழ்ந்துதான் நிற்கும். விளைவு, ஏரிக்குள் புகும் நீர் குறைகிறது.

4. காடழிப்பும் தீயும். தண்ணீர் எட்டாத காடு காய்ந்துபோகும். காய்ந்த காட்டை விவசாயத்துக்காக வெட்டுவதும் எரிப்பதும் எளிது. 2016-ஆம் ஆண்டு வறட்சியின்போது ஏரியைச் சுற்றிய காடுகளில் பெரும்பரப்பு தீக்கு இரையானது.

5. அளவுமீறிய மீன்பிடிப்பு. கொசுவலை போன்ற சிறு கண்ணி வலைகளாலும் மின்சாரம் பாய்ச்சியும் மீன் பிடிப்பதால் குஞ்சுகளும் அழிகின்றன. பெரிய மீன்கள் அரிதாகி, வலையில் சின்ன மீன்களே மிஞ்சுகின்றன.

ஐந்தையும் தனித்தனியாகப் படித்தோம். உண்மையில் அவை ஒன்றோடொன்று பின்னியவை. தண்ணீர் குறைந்தால் காடு காயும். காடு எரிந்தால் மீன் குறையும். மீன் குறைந்தால் ஏழை மீனவர் இன்னும் சிறிய கண்ணியுள்ள வலையைத்தான் எடுப்பார். அவரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமா?

நம் நாட்டு எடுத்துக்காட்டு

"அது கம்போடியாவில் நடப்பது, நமக்கு என்ன?" என்று யாராவது கேட்டால், பகாங்கில் உள்ள தாசிக் சினியைக் காட்டுங்கள். அது தீபகற்ப மலேசியாவின் இரண்டாவது பெரிய இயற்கை நன்னீர் ஏரி. ஜக்குன் பழங்குடி மக்களின் வாழிடம். தொன்லே சாப்போடு ஒப்பிட்டால் மிகச் சிறியதுதான். ஆனால், அங்கும் மழைக்கால வெள்ளத்தின்போது பகாங் ஆற்றின் நீர் சினி ஆற்றின் வழியாக ஏரிக்குள் திரும்பி வரும்.

1995-ல் படகுச் சுற்றுலாவுக்கு வசதியாக நீர்மட்டத்தை உயர்த்திவைக்க, சினி ஆற்றில் ஒரு தடுப்பணை கட்டப்பட்டது. நல்ல எண்ணம்தான். ஆனால், ஏறி இறங்க வேண்டிய தண்ணீர் உயர்ந்தே நின்றதால் கரையோர மரங்கள் வேர் அழுகிப் பட்டுப்போயின. பின்னர், சுற்றுப்புறத்தில் நடந்த சுரங்கத் தொழிலாலும் காடழிப்பாலும் ஏரியில் சேறு சேர்ந்தது. புகழ்பெற்ற தாமரைகள் குறைந்தன. 2009-ல் மலேசியாவின் முதல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம் என்ற பெருமை பெற்ற ஏரிக்கே இந்த நிலைமை. அங்கே தண்ணீர் இறங்காதது சிக்கல். தொன்லே சாப்பில் தண்ணீர் ஏறாதது சிக்கல்.

தீர்வு எளிதா?

இல்லை. லாவோஸ் ஒரு சிறிய நாடு. மின்சாரம் விற்றுத்தான் வருமானம் தேட வேண்டும் என்கிறது. கம்போடியாவுக்கும் மின்சாரம் தேவை. இருந்தும், 2020-ல் கம்போடிய அரசு 10 ஆண்டுகளுக்கு மீகோங்கின் முதன்மை ஆற்றில் புதிய அணை கட்டுவதில்லை என்று அறிவித்தது. அதற்கு முன், 2012-ல் ஏரியில் பெரிய வணிகர்களுக்கு ஏலம் விடப்பட்ட மீன்பிடிப் பகுதிகளையும் அது ரத்து செய்தது. ஆனால், மேலே உள்ள நாடு தண்ணீரைத் தேக்கினால் கீழே உள்ள நாட்டின் சட்டத்தால் மட்டும் ஏரியைக் காப்பாற்ற முடியாது. நாடுகள் பேசி, அணைகளில் எப்போது எவ்வளவு நீர் திறப்பது என்று உடன்பட வேண்டும்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு

கருத்து விளக்கக் கட்டுரையில் ஒவ்வொரு கருத்துக்கும் நான்கு படிகள் வையுங்கள்: கருத்து, காரணம், எடுத்துக்காட்டு, விளைவு. ஒரு மாதிரி:

"ஆறுகளில் கட்டப்படும் அணைகள் ஏரிகளின் இயல்பைக் கெடுக்கின்றன. மழைக்கால நீர் தேக்கிவைக்கப்படுவதால் கீழ்ப்பகுதிக்கு உரிய வெள்ளம் வந்து சேர்வதில்லை. கம்போடியாவின் தொன்லே சாப் ஏரி இதற்குத் தக்க சான்றாகும். இதனால் மீன்வளம் குன்றி, அதை நம்பியுள்ள மக்களின் உணவும் வருமானமும் பாதிக்கப்படுகின்றன."

நான்கே வாக்கியம்தான். ஆனா, படிப்பவருக்கு ஓர் இடமும் ஒரு காரணமும் கிடைச்சிடுது.

அருஞ்சொற்பொருள்

வண்டல் – ஆற்று நீர் அடித்துக்கொண்டு வரும் வளமான மண்
கழிமுகம் – ஆறு கடலில் கலக்கும் பகுதி
கண்ணி – வலையின் துளை
தடுப்பணை – நீர்மட்டத்தை உயர்த்த ஆற்றின் குறுக்கே கட்டும் தாழ்வான சுவர்

வகுப்பில் கலந்துரையாட

1. தொன்லே சாப் ஆறு திசை மாறி ஓடுவதற்குரிய காரணத்தை உங்கள் சொந்தச் சொற்களில் விளக்குக.
2. ஒரு நாட்டின் மின்சாரத் தேவையும் இன்னொரு நாட்டின் உணவுத் தேவையும் மோதும்போது என்ன செய்யலாம்?
3. உங்கள் வட்டாரத்தில் உள்ள ஓர் ஏரியையோ ஆற்றையோ தேர்ந்தெடுங்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் அது எப்படி இருந்தது என்று வீட்டில் தாத்தா பாட்டியிடமோ பெற்றோரிடமோ கேட்டு, ஒரு பத்தி எழுதி வாருங்கள்.

ஆசிரியர்களே, மூன்றாவது கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். வீட்டில் கேட்டு வந்து எழுதும் பத்தியில் அந்தப் பழைய மூன்று வரி இருக்காது.